ரப்பர் முகத்துக்கு வைத்த பொட்டு

என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன். கோயிலில் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, ஐயர் என் நட்சத்திரத்தைச் சொல்வதற்குள் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். "ஒனக்குக் கால்ல சக்கரமா?" என்று கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது.

இந்த உடம்பு அடங்குகிற ஒரே நேரம், பேய்ப்படம் ஓடுகிற நேரம்தான். வேறு நேரங்களில் என் பயங்களுக்கு உருவம் கிடையாது. அடுப்பை அணைத்தேனா, அந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டேனா, மார்பில் வலிப்பது வாயுவா வேறு ஏதாவதா என்று மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தில் பயம் பல்லும் நகமுமாக எதிரே வந்து நிற்கிறது. ஒன்றரை மணி நேரம் அது அங்கே, நான் இங்கே. அந்த நிம்மதி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அதிலும் பெரிய கம்பெனிகள் எடுக்கிற பளபளப்பான படங்கள் எனக்கு ஆகாது. பேயைத் தூக்குகிற கயிறு தெரிய வேண்டும். ரத்தம் ரோஸ் சிரப் நிறத்தில் இருக்க வேண்டும். எடுத்தவர் வீட்டை அடகு வைத்து எடுத்து, ஒரு வாரம் ஓடி, அதற்குப் பிறகு யாருமே பேசாத படமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மாதிரிப் படங்களின் சுவரொட்டிகள், வீடியோ நாடாக்கள், இரண்டு தட்டுகளாக வந்த பழைய விசிடிகள், பொம்மைகள் என்று இருபது வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல பெண்கள் கறி வாங்கப் போகும்போது, நான் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் குந்தி உட்கார்ந்து பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

பினாங்கில் இந்தப் பொருள்களைக் காப்பாற்றுவது பெரிய போராட்டம். கடல் ஈரம் எதையும் விடாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படரும், காகிதம் அலை அலையாக நெளியும், ரப்பர் பிசுபிசுக்கும். கெலுகோரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் கையுறை போடாமல் எதையும் தொட மாட்டேன். பிறரையும் தொட விட மாட்டேன். இதில் என் வேலைக்கும் பங்கு உண்டு. கடல் பாலம் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி வழியாகப் பொருள்களில் கீறல் தேடுவதுதான் என் உத்தியோகம். நாள் முழுக்கக் கீறல் தேடுகிறவளுக்கு வீட்டில் ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் தூக்கிப் போடும்.

அந்த அறையின் ராணி ஒரு முகமூடி. இந்தத் தீவிலேயே ஓர் இடிந்த பங்களாவில் எடுத்த பழைய பேய்ப்படத்தில், பேயாக நடித்தவர் மாட்டியிருந்த ரப்பர் முகம். சிவப்பு முகம், பிதுங்கிய கண், மோவாய் வரை தொங்கும் நாக்கு, இரண்டு பக்கமும் கோரைப்பல். படத்தில் பேய் மாடிப்படியில் உருண்டு விழும்போது முகம் கைப்பிடிக் கம்பியில் மோதும். அடுத்த காட்சியில் இடது கோரைப்பல்லின் நுனி இருக்காது. பதினான்கு முறை பார்த்ததால் எனக்கு அது தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன் சந்தையில் ஒரு பெட்டிக்கு அடியில், உடைந்த பொம்மைகளுக்குக் கீழே அந்த நுனியில்லாத பல்லைப் பார்த்தபோது எனக்குக் காது அடைத்துப்போனது.

அன்று சந்தைக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்து அதைக் கோட்டை விட்டவர் நிபோங் திபாலில் டயர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். எங்களைப் போன்ற பேய்ப்படப் பைத்தியங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிற போன் குழுவில் அவர்தான் மூத்தவர். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவார். அடுத்த வரியில், "அந்த மொகத்த எப்போ எனக்குக் குடுக்கப் போற தங்கச்சி?" என்று இருக்கும். "நான் செத்த பெறகு" என்று எழுதுவேன்.

இப்படி இருந்த அறைக்குத்தான் போன வருடம் அத்தை வந்தார். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதன் பிறகு மகளோடு இருந்தவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும் நிறமும் மட்டும்தான் தெரிந்தன. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்று டாக்டர் சொல்லியும், இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தவர். மாமனார் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குள் போய், நடந்து வெளியே வராதவர். அதனால் அத்தைக்கு அந்த வாசலைக் கண்டாலே கால் பின்னும்.

"நம்ம வீட்லேர்ந்து ஆஸ்பத்திரி கிட்ட. மூணாவது தடவயும் விட்டா அவங்களுக்குக் கண்ணு போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் என்ன சொல்ல முடியும்? மூன்று நாள் விடுப்பு எடுத்து எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டி எங்கள் கட்டிலுக்கு அடியிலும், சமையலறை மேல் தட்டிலும், என் காடியின், அதாவது காரின், பின்பெட்டியிலும் திணித்தேன். கண்ணாடி அலமாரியை மட்டும் நகர்த்த முடியவில்லை. சுவரோடு பொருத்தியது. முகமூடி அதற்குள் தட்டோடு பதித்த மரத்தலை ஒன்றின் மேல் இருந்தது. கழற்றி எடுத்தால் கிழியும் என்று பயம். ஒரு சிவப்பு பாத்தேக் துணியை எடுத்து, அலமாரிக்கு முன்னால் திரை போலத் தொங்கவிட்டேன். கண் தெரியாதவருக்கு இது போதும் என்று நினைத்தேன்.

என் புத்திசாலித்தனத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அலமாரிக்குள் இருந்த சின்னச் சிவப்பு விளக்கும் அறையின் காற்றாடியும் ஒரே சுவிட்ச். அத்தை காற்றாடியைப் போட்டால் விளக்கும் எரியும். வடகிழக்கு மூலையில், சிவப்புத் திரைக்குப் பின்னால், சிவப்பு விளக்கு. எங்கள் ஆட்கள் வீட்டில் அது என்னவாக இருக்கும்?

இரண்டாவது வாரம், தொழிற்சாலையில் மின்சாரம் போய் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை. இரண்டாவது அறையில் திரை ஒதுங்கியிருந்தது, கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. என் ராணியின் நெற்றியில் குங்குமம். அதுவும் நேராக இல்லை, இடது புருவத்துக்கு மேலே கோணலாக அப்பியிருந்தது. தலையில் மல்லிகைச் சரம். முன்னால் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு தம்ளர் பால்.

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. குங்குமத்தில் எண்ணெய் உண்டு. எண்ணெய் ரப்பருக்குள் இறங்கினால் அவ்வளவுதான். வாயைத் திறந்து கத்தப் போனவள், அத்தை பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றேன். தரையில் உட்கார்ந்து, முகத்தை அலமாரிப் பக்கம் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஊசி போடுவாங்களாம் கண்ணுலயே. அவரு போனப்ப கையப் பிடிச்சிருந்தேன் தெரியுமா? அந்த நர்ஸு எடுத்துவிட்டுட்டா. அதுக்கப்புறம் ஒடம்புதான் வந்துச்சு. இத நான் யார்கிட்டயும் சொல்லல. மவன்கிட்ட சொன்னா அழுவான்."

நான் கதவோரம் நின்றேன். பின்பு செருப்புச் சத்தம் கேட்கும்படி மறுபடி உள்ளே வந்தேன். அத்தை திரும்பிச் சிரித்தார்.

"வந்துட்டியா ஆயி. வீட்ல காளியாத்தாள வச்சிருக்கன்னு ஒரு வார்த்த சொல்லலியே. திரையெல்லாம் போட்டு அழகா வச்சிருக்க. நான் ஆபரேஷனுக்குப் போறேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

மகன் கெஞ்சியும், டாக்டர் மிரட்டியும் நடக்காதது, டயர் கடை அண்ணன் பொறாமைப்படுகிற ஒரு ரப்பர் பேயால் நடந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"ஆபரேஷன் முடியிற வரைக்கும் வாயத் தெறக்காத லா. பேய்க்கு வெளக்கேத்துனோம்னு தெரிஞ்சா கெட்ட சகுனம்னு மறுபடி திரும்பி வந்துருவாங்க."

"முடிஞ்ச பெறகு? கண்ணு தெரிஞ்ச பெறகு?"

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு என் பழைய பயங்களோடு அந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. அத்தைக்குக் கண் தெரிய வேண்டும் என்றுதான் இத்தனையும். கண் தெரிகிற அன்றைக்கே, தான் இத்தனை நாள் எதைக் கும்பிட்டோம் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்த மூன்று வாரங்களை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. தினமும் காலையில் அத்தை குளிக்கும்போது கையுறை போட்டுப் பஞ்சால் குங்குமத்தைத் துடைப்பேன். மாலையில் வந்தால் அதே இடத்தில், அதே கோணலில் புதிதாக இருக்கும். துடைத்த இடத்தில் கறை தங்கிவிட்டது. இரண்டாவது பாலத்தில் காடியை ஓட்டும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பேன். பூதக்கண்ணாடியில் கீறல் பார்க்கும்போது கோரைப்பல் தெரிந்தது. பேய்ப்படம் போட்டுப் பார்த்தேன், அதுவும் அடக்கவில்லை. முதல் பாதியிலேயே எழுந்து போய்த் துணி மடித்தேன். என் மருந்து எனக்கே வேலை செய்யாமல் போனது.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அத்தை ஆஸ்பத்திரி வாசலில் தயங்கவே இல்லை. சாயங்காலம் கண்ணில் கட்டோடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்குக் கட்டை அவிழ்ப்பார்கள் என்றார்கள். இடது கண் அடுத்த மாதம்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் அத்தையை அழைத்துக்கொண்டு புறப்பட்டதும், நான் முகமூடியை மரத்தலையோடு பெயர்த்து, துண்டில் சுற்றி, காடியில் வைத்தேன். முதலில் லிட்டில் இந்தியாவில் ஒரு காளியம்மன் படம் வாங்கிக்கொண்டேன். பொன் நிறச் சட்டம், பெரிய கண், சின்ன உதடு, எந்தப் பக்கமும் கீறல் இல்லாத படம். அங்கிருந்து நேராக நிபோங் திபால்.

டயர் கடை அண்ணன் கையில் இருந்த சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னா தங்கச்சி, நெசமாவா?"

"எடுத்துக்குங்க."

"பத்திரமா வச்சிருக்கச் சொல்றியா, கொடுக்கிறியா? ரெண்டும் வேற வேற."

வைத்திருங்கள் என்று சொன்னால் திரும்ப வாங்க வர வேண்டும். திரும்ப வாங்கினால் திரும்ப ஒளிக்க வேண்டும். இந்த அலைச்சல் இன்றோடு முடியட்டும் என்ற எரிச்சலில், "கொடுத்துட்டேன்" என்றேன். அவர் துண்டைப் பிரித்து, நெற்றிக் கறையைப் பார்த்து, "ஐயோ, எந்தப் பாவி பண்ணது இது?" என்றார். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கேள்வியில் வந்தது.

வீட்டுக்கு வந்து படத்தை அலமாரியில் வைத்து முடிக்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து, "நீ இவ்ளோ எளச்சிட்டியா?" என்றார். பிறகு நேராக அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.

அத்தை படத்தைப் பார்த்தார். கை கூப்பினார், கல்யாண வீட்டில் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்வது போல. பிறகு அலமாரியின் மேலும் கீழும் தேடினார்.

"இங்க இருந்தவ எங்க?"

"இதுதான் அத்த."

"இது இல்ல. இவளுக்கு நாக்கே வெளிய இல்ல. அவ எங்க?"

எனக்கு மூன்று வார எரிச்சலும் ஒன்பது வருட ஆசையும் ஒன்றாகப் பொங்கியது. "அது சாமி இல்ல அத்த. சினிமாப் பேயி. ரப்பர் மொகம். நீங்க பேய்க்குத்தான் வெளக்கேத்துனீங்க. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கொண்டு போயிக் கொடுத்துட்டேன்" என்று கொட்டிவிட்டேன். வாசலில் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் பால்மரம் வெட்டுன கை இது. ரப்பர் வாசன எனக்குத் தெரியாதா? மொத ரெண்டு நாளு சாமின்னுதான் நெனச்சேன். மூணாம் நாளு பொட்டு வைக்கிறப்ப விரலு தடுக்குச்சு. பல்லு ஒடஞ்சிருக்கு, கன்னம் ரப்பரு. சரி, என்னமோ பொம்மன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறமும் ஏன் அத்த?"

"அதுக்குள்ள பாதி சொல்லிட்டேன். பாதியில எப்படி நிறுத்துறது?" என்றார். "சாமிகிட்ட இதெல்லாம் சொல்ல முடியாது. தைரியமில்லாதவன்னு நெனைக்கும். அது என்ன மாதிரி, பல்லு போனது. கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

நாள் முழுக்கக் கீறல் தேடுகிற எனக்கு, அந்த விரல்கள் அத்தனை நாள் அந்த முகத்தில் என்ன படித்தன என்று அதுவரை யோசிக்கவே தோன்றவில்லை.

அன்றிலிருந்து அத்தை அந்த அறையில் விளக்கேற்றவில்லை. புதுப் படத்துக்குப் பூ மட்டும் வைத்தார். இடது கண்ணுக்குத் தேதி நெருங்க நெருங்க, பேச்சை மாற்றினார். "ஒரு கண்ணு போதும்மா. கெழவிக்கு எதுக்கு ரெண்டு?" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வெறுமனே பார்த்தார்.

நான் டயர் கடை அண்ணனுக்குப் போன் போட்டு, "அந்த மொகம் வந்து..." என்று இழுத்தேன். "கொடுத்துட்டேன்னு சொன்னியே தங்கச்சி" என்றார். குரலில் கோபமில்லை, வலிதான் இருந்தது. அவருடைய ஒன்பது வருடமும் எனக்குத் தெரியும். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. "ஒருத்தங்க பாக்கணும்ங்கிறாங்க. கூட்டிட்டு வரட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். சந்தைக்குப் போகாமல் நான் விட்ட முதல் ஞாயிறு அது. அத்தை முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்து, செம்பனை மரங்களை வலது கண்ணால் எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். டயர் கடைக்கு மேலே அண்ணனின் அறை. அது என் அறையைவிட அழகாக இருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். நடுவில் புதிதாகச் செய்த கண்ணாடிப் பேழைக்குள் என் ராணி இருந்தாள். அண்ணன் எதையோ போட்டுத் துடைத்து நெற்றிக் கறையை முழுக்க எடுத்திருந்தார். சினிமாவில் பார்த்ததைப் போலவே இருந்தாள்.

அத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கினார். "இதுவா?" என்றார். குரலில் பயம் இருந்தது. "இல்லம்மா. இது அவ இல்ல."

அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "தொறங்கண்ணே" என்றேன். அவர் பேழையைத் திறந்து, மேசை இழுப்பறையிலிருந்து கையுறை எடுத்து நீட்டினார். அத்தை அதை வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். கண்களை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

விரல்கள் கன்னத்தில் பட்டன. நாக்கின் மேல் இறங்கி, மறுபடி ஏறி, இடது கோரைப்பல்லுக்கு வந்து நுனியில்லாத இடத்தில் நின்றன.

"ம்... நீதான்" என்றார் அத்தை. "எங்கேயெல்லாம் வந்து ஒக்காந்திருக்க."

இடது கை கைப்பையைத் துழாவி ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்தது. அண்ணன் பதறி ஓர் அடி முன்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஒன்பது வருடம் கையுறை இல்லாமல் அந்த முகத்தைத் தொடாதவள் நான்.

"வைக்கட்டும் விடுங்கண்ணே" என்றேன்.

அத்தை கண்ணைத் திறக்கவே இல்லை. இடது புருவத்துக்கு மேலே, பழைய இடத்தில், அதே கோணலாகப் பொட்டு வைத்தார். பிறகு குனிந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த புதன்கிழமை இடது கண் என்று அதனிடம் சொன்னார்.